வேண்டாம் என்று சொல்லும் முடிச்சு

இயேசு மரி சூசை துணை

மரியநாதபுரம்,
திண்டுக்கல்.
20 மார்ச் 2025

அன்பு மகள் ஷைனிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், என் சர்க்கரை நூற்று நாற்பதிலேயே நிற்கிறது, உன் அம்மாவின் முழங்கால் வலியும் வீட்டை விட்டுப் போக மனசில்லாமல் இருக்கிறது. நீ அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல், வேளா வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறாயா என்று விவரமாக எழுது. வழக்கம்போல "சூப்பர்ப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே, அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாரத்துக்கு நாலு நாள் போனில் பேசுகிற மனுஷன் எதற்காகப் பேப்பரும் பேனாவும் எடுத்தார் என்று நினைப்பாய். போனில் சொல்ல இரண்டு தடவை முயற்சி பண்ணினேன், வாய் வரவில்லை, உரம் விலையையும் கொடைரோடு ரயில்வே கேட்டையும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். இந்தப் பார்சலின் அடியில் வேட்டித் துணி சுற்றி ஒரு பலகை இருக்கிறது, அதை இப்போதே பிரிக்காதே, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு பிரி. ஏப்ரல் இரண்டாம் தேதி உங்கள் பல்கலைக்கழகத்தில் கூட்டம் போட்டு, உன் பேசும் பலகை வேலையைத் தொடர்வதா மூடுவதா என்று முடிவெடுக்கப் போகிறார்கள் என்று சொன்னாய் அல்லவா. நாலு வருஷமாக நீ உருகி உருகிச் செய்த வேலை அந்த நிலைமைக்கு வந்ததற்குக் காரணம் நீ இல்லை தாயி, உன் அப்பன்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான், அதை இப்போது வெளியே எடுத்து வைக்கிறேன்.

நவம்பரில் நீ இரண்டு பலகை அனுப்பினாய். வாய் பேசாத பிள்ளைகள் படத்தைத் தொட்டால் அவர்களுக்குப் பதிலாக அது பேசும், தண்ணீர், சோறு, பாத்ரூம், இன்னும், வேண்டும், வேண்டாம் என்று ஆறு படம். ஒவ்வொரு நாளும் கடைசியில் பிள்ளைகள் மூன்று மூஞ்சிப் படத்தில் ஒன்றைத் தொட வேண்டும், சிரித்த மூஞ்சி என்றால் பலகை பிடித்திருக்கிறது, சும்மா மூஞ்சி என்றால் பரவாயில்லை, அழுத மூஞ்சி என்றால் பிடிக்கவில்லை. எங்கள் சின்னாளப்பட்டி மையத்தில் பதினான்கு பிள்ளைகளை வைத்து மூன்று வாரம் பார்த்து வீடியோவோடு அனுப்பச் சொன்னாய். ரிட்டையரான நாளிலிருந்து நான் வேலையில்லாமல் ஆட்சி செய்துகொண்டிருக்கிற இடம் அது என்பது உனக்குத் தெரியும், பாடம் எடுப்பது எல்லாம் ஐரின்தான், சிறப்புக் கல்வி படித்த பெண், உன்னைவிட இரண்டு வயது இளையவள், நான் பெரிய சார் என்ற பெயரோடு மேற்பார்வை. பிள்ளைகளைத் தயார் செய்கிற பொறுப்பை என்னிடம் விடு என்று ஐரினிடம் சொன்னேன், அங்கே பிடித்தது சனி.

முப்பத்துநாலு வருஷம் வாத்தியாராகவும் தலைமையாசிரியராகவும் இருந்தவன் நான். என் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்ஷன் வந்த ஒரு அதிகாரியும் கை தூக்காத பிள்ளையைப் பார்த்ததில்லை. பதில் தெரிந்தவன் வலது கையைத் தூக்கு, தெரியாதவன் இடது கையைத் தூக்கு என்று முதல் நாளே பழக்கிவிடுவேன், வகுப்பு முழுக்கக் கை தூக்கும், நான் வலது கைக்காரனாகப் பார்த்து எழுப்புவேன். இந்தக் கதையை நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதே பழக்கம். உன் பலகையைப் பார்சலிலிருந்து எடுப்பதற்கு முன்னாலேயே சார்ட் பேப்பரில் மூன்று மூஞ்சி வரைந்து சுவரில் ஒட்டி, சிரித்த மூஞ்சியைத் தொட்டால் ஒரு கடலை மிட்டாய் என்று ஒரு வாரம் பழக்கிவிட்டேன். வீடியோ எடுக்கும்போது போனுக்குப் பின்னால் நின்றேன், மிட்டாய் என் சட்டைப் பையில். பிள்ளைகள் எல்லாம் கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் மேலே எங்கேயோ பார்க்கிறார்களே என்று உன் பேராசிரியை கேட்டார்கள் என்றாயே, அவர்கள் பார்த்தது என் பையை.

என் மகள் செய்த பொருளுக்கு என் மையத்தில் ஒரு அழுத மூஞ்சி விழுவதா என்பதுதான் அப்போது என் மனசில் இருந்தது, வேறு கெட்ட எண்ணம் இல்லை என்று சத்தியமாகச் சொல்வேன். ஆனால் எண்ணம் நல்லதாக இருந்தால் பொய் உண்மையாகிவிடாது. பதினான்கு பிள்ளைக்கும் மூன்று வாரமும் சிரித்த மூஞ்சி என்று நீ கிறிஸ்துமஸுக்கு முன்னால் போனில் கத்திச் சந்தோஷப்பட்டாய், நானும் குடிலுக்கு ஒரு ஸ்டார் கூடுதலாக வாங்கிக் கட்டினேன். பிப்ரவரியில் வந்ததே உன் இன்னொரு போன். கோயம்புத்தூரிலும் அங்கே உன் ஊரிலும் ஒரு பிள்ளைகூடப் பத்து நிமிஷத்துக்கு மேல் பலகையைத் தொடவில்லை, திண்டுக்கல் கணக்கு மட்டும் எப்படி இப்படி என்று மொத்த வேலையையே சந்தேகப்படுகிறார்கள், "அப்பா, உண்மையச் சொல்லுங்க" என்றாய். நான் என்ன செய்தேன், எம் பிள்ளைகள என்னன்னு நெனச்ச என்று உன்மேலேயே எரிந்து விழுந்து போனை வைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்குக் குறுகுறுக்கவில்லை, கோபம் வந்தது.

உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, இன்ஸ்பெக்சனுக்குத் தயார் பண்ற மாதிரி பண்ணிப்புட்டீங்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். சகாயராணிக்கு முப்பத்தொரு வருஷமாக என்னைத் தெரியும், அவளிடம் நான் எதை மறைக்க. சிரித்துவிட்டுத்தான் கேட்டாள், ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அந்தச் சனிக்கிழமை கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அருள் நிறைந்த மந்திரம் பத்துச் சொல்லுங்க என்று விட்டுவிடுவார் என்று பார்த்தால், "பொய் எந்த வீட்டுக்குப் போச்சோ அந்த வீட்டுக்கு உண்மை போகணும் சார்" என்றார். உன் வீட்டுக்கு உண்மையை வெறுங்கையோடு அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் ஒரு மாதம் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை முதல் வேலையாக ஐரினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை, எனக்கும் தெரியும் சார், உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன் என்றாள், அது திட்டியதைவிட மோசம். பிறகு மறுபடி முதலிலிருந்து பார்க்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை, "நீங்க ரூமுக்குள்ள வரக்கூடாது சார், மிட்டாயும் வரக்கூடாது" என்றாள். அறுபதைத் தாண்டிய என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டாள், நானும் சமையலறை ஜன்னலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்குப் பதினான்கில் ஒன்பது அழுத மூஞ்சி, நாலு பேர் எதையும் தொடவில்லை, தனுஷ் மட்டும் மூன்று மூஞ்சியையும் மாற்றி மாற்றிக் குத்திச் சிரித்துக்கொண்டிருந்தான். டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன், பதினோரு வயது, எங்கள் மையத்தின் ராஜா அவன்தான். மாலதி பலகையைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள், ஒரு மூலை விரிசல் விட்டது. ஐரின் நோட்டில் எழுதிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பி, "இதுதான் சார் ரிசல்ட்டு. ஷைனி அக்கா இதைத்தான் கேட்டாங்க" என்றாள்.

ஒன்பது வயது மாலதியைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன், ஆட்டிசம் உள்ள பிள்ளை, ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைப் பொறுத்தவரை மையத்திலேயே அடக்கமான பிள்ளை, சொன்ன இடத்தில் உட்காரும், கொடுத்ததைச் சாப்பிடும். அந்தப் பிள்ளையா எறிந்தது என்று எனக்கு ஆச்சரியம். நான் உள்ளே இருந்த மூன்று வாரமும் அதே பலகையை அவள் தினமும் தொட்டாள், ஒரு விரலின் நகத்தால் மட்டும் தொட்டிருக்கிறாள் என்பதைப் பழைய வீடியோவை ஐரின் நிறுத்தி நிறுத்திக் காட்டிய பிறகுதான் பார்த்தேன். கண்ணாடியின் வழுவழுப்பு அந்தப் பிள்ளைக்கு ஆகவில்லை, அது பேசும் சத்தமும் ஆகவில்லை, மிட்டாய்க்காகவும் எனக்காகவும் பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஷைனிம்மா நான் உனக்குச் சொல்ல வந்த சந்தோஷம். பேசாத பிள்ளைகளிடம் எப்படிக் கருத்துக் கேட்பது என்று நான் கேட்டேன், வாயால கேட்டாத்தானே சார் வாயால சொல்லணும், கை எங்க போகுதோ அதுதான் பதில் என்றாள் ஐரின். பலகையையும் அட்டை, துணி, மரக்கட்டை, மணி, கரண்டி என்று கையில் கிடைத்ததையும் தரையில் பரப்பிவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிடுவாள், பிள்ளைகள் என்ன செய்தாலும் தடுக்க மாட்டாள், எழுதிக்கொள்வாள். முதல் நாளே தனுஷ் பலகையை மேஜையிலிருந்து இறக்கித் தரையில் வைத்துச் சம்மணம் போட்டு மடிக்கு முன்னால் இழுத்துக்கொண்டான். சோறு தின்பதும் தரையில், விளையாட்டும் தரையில், பலகை மட்டும் எதற்கு மேஜையில், சரியான கேள்விதானே. கை நடுங்குகிற கிளெமென்ட் ஒரு படத்தைத் தொடப் போனால் பக்கத்துப் படமும் சேர்ந்து பேசிவிடுகிறது என்று கட்டைகளை எடுத்து இரண்டு படத்துக்கும் நடுவில் வரப்பு கட்டினான். இன்னும் என்பதற்கு நீ போட்டிருந்த கூட்டல் குறியைப் பார்த்ததும் பாதிப் பிள்ளைகள் நெற்றியிலிருந்து சிலுவை போட்டுக் கைகூப்பி நின்றுவிட்டார்கள், பிறகு ஜெபம் முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள், எப்படி அமுக்குவார்கள். வீடியோவில் அதைப் பார்த்து நான் முதலில் பக்தி என்று பெருமைப்பட்டேன், என்னை என்ன சொல்வது. இப்போது அந்த இடத்தில் சாய்ந்த கரண்டி வடிவம் ஒன்று இருக்கிறது, இன்னும் பரிமாறு என்று தனுஷ் வைத்தது.

குரலும் மாறிவிட்டது. எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று உன் பலகையில் ஒரு அம்மா செய்தி வாசிப்பது போலச் சொல்வார், எங்கள் பிள்ளைகள் யாரும் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. ஐரின் தன் குரல், சமையல்காரம்மா குரல், என் குரல், தனுஷ் குரல் எல்லாவற்றையும் பதிவு செய்து போட்டுக் காட்டினாள். என் குரல் வந்ததும் பதினான்கு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், ஒரு பிள்ளையும் கிட்டே வரவில்லை. தனுஷுக்கு நாக்கு தடித்துத்தான் பேச்சு வரும், "தன்னி தாங்க" என்பான், தெளிவாக இருக்காது, அந்தக் குரலுக்குத்தான் எல்லாக் கையும் போனது. புரியாதே என்று நான் ஜன்னலிலிருந்து வாய் விட்டுவிட்டேன், தனுஷ் இடுப்பில் கை வைத்து, "எங்களுக்குப் புரியும் தாத்தா சாரு" என்றான். ஆறு வார்த்தையையும் அவனே பேசியிருக்கிறான், மறுநாள் பவுடர் அடித்துத் தலை சீவி வந்தான்.

மாலதி மட்டும் எதற்கும் கை நீட்டவில்லை, எட்டு நாள் சுவரோரமாகவே இருந்தாள். ஒன்பதாம் நாள் அவள் அம்மா ராக்கம்மாள் பிள்ளையைக் கூட்டிப் போக வந்தபோது கையில் சுங்குடித் துணி மூட்டை, வீட்டில் கட்டி முடித்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வந்திருக்கிறாள். துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள், முடிச்சைப் பிரித்தால் அந்த இடம் மட்டும் புள்ளியாக நிற்கும் என்பது உனக்குத் தெரியும், உன் பேராசிரியைக்குச் சொல். சாயத்துக்குப் போகாத அந்தத் துணி ஆயிரம் முடிச்சோடு கரடுமுரடாக இருந்தது. மூட்டை தரையில் இருந்தது, மாலதி நேராக வந்து இரண்டு கையையும் உள்ளே விட்டாள். பத்து விரலாலும் முடிச்சுகளைத் தடவித் தடவி, கண்ணை மூடி, உடம்பு ஆடாமல் உட்கார்ந்துவிட்டாள். ராக்கம்மாள் பதறிப்போய், "வீட்லயும் இதே கூத்துதான் சார், துணிய விட்டு எந்திரிக்க மாட்டா, அழுக்காக்கிருவான்னு அடிச்சுக்கூடப் பாத்தேன்" என்றாள். ஐரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒரு முழத் துணி எனக்குக் கட்டித் தாங்க" என்றாள்.

பலகைக்குள் எந்த வயர் எதற்கு என்று ஐரின் உன்னைப் போனில் நச்சரித்தாளே, அது இதற்குத்தான். மன்னித்துக்கொள், உன் இரண்டு பலகையையும் பிரித்துவிட்டோம். பேகம்பூரில் போன் ரிப்பேர் பார்க்கிற ஜெகபர் அலி இரண்டு பலகையின் வயிற்றையும் எடுத்து, ஆறு அமுக்கு சுவிட்ச் பற்றவைத்து, மேலே மெல்லிய பஞ்சு வைத்துத் துணியை இழுத்துக் கட்டினார். துணியில் ஆறு இடத்தில் ஆறு விதமான முடிச்சு. எது எந்த வார்த்தை என்று பிள்ளைகள்தான் முடிவு செய்தார்கள், ராக்கம்மாள் விதவிதமாகக் கட்டிக் கொண்டுவருவாள், அவர்கள் தடவிப் பார்த்துப் பலகையில் வைப்பார்கள், ஒத்துவராததைத் தூக்கிப் போடுவார்கள். தண்ணீர் வரிசையாகச் சின்னச் சின்ன முடிச்சு, சோறு நெருக்கமான கொத்து, கிளெமென்ட் கேட்ட வரப்பு நடுவில் தடித்த தையலாக நிற்கிறது. வேண்டாம் என்பதற்கு மாலதி தேர்ந்தெடுத்தது சிவப்புத் துணியில் ஒரே ஒரு பெரிய முடிச்சு, கோலிக்குண்டு அளவு, உள்ளே புளியங்கொட்டை வைத்துக் கட்டியது. அதை அவள் பலகையின் நடுவில் வைத்தாள், ஐரின் ஓரத்துக்கு மாற்றினாள், மாலதி மறுபடி நடுவில் வைத்தாள். மூன்று தடவை ஆன பிறகு ஐரின் விட்டுவிட்டாள். இத்தனை பேர் கூடி ஒரு பொருளைச் செய்து நான் பார்த்ததில்லை ஷைனி, அதிலும் ஒரு வார்த்தை பேசாதவர்கள் பேச்சே கடைசிப் பேச்சாக இருந்து பார்த்ததில்லை.

இப்போது பன்னிரண்டாம் தேதி புதன்கிழமைக்கு வருகிறேன், காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு எனக்கு உள்ளே வர அனுமதி உண்டு. மாலதிக்குச் சத்து வேண்டும் என்று ஒன்றரை வருஷமாகத் தினமும் நானே ஒரு முட்டையை உரித்து அவள் தட்டில் வைக்கிறேன், அவளும் ஒரு நாள்கூட மிச்சம் வைத்ததில்லை, முட்டை என்றால் இந்தப் பிள்ளைக்கு உயிர் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். அன்றைக்கும் வைத்தேன். மாலதி முட்டையைப் பார்த்தாள், பக்கத்திலிருந்த பலகையின் நடுவில் கையை வைத்தாள், தனுஷ் குரல் "வேனாம்" என்றது. தெரியாமல் கை பட்டுவிட்டது என்று நினைத்து முட்டையைக் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினேன். மறுபடி "வேனாம்". நான் வாத்தியாரல்லவா, சும்மா இருப்பேனா, சாப்பிடு தாயி, சத்து என்று முட்டையைப் பிட்டு எடுத்தேன். அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள் ஷைனி, ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை, பார்த்துக்கொண்டே இரண்டு கையாலும் சிவப்பு முடிச்சை அமுக்கினாள், வேனாம் வேனாம் வேனாம் வேனாம் என்று சாப்பாட்டு ஹால் முழுக்கக் கேட்டது. அங்கே உண்மையான தனுஷ் எழுந்து நின்று, "ஏலே, அவ வேனாங்குறா தாத்தா சாரு!" என்று கைதட்டினான், மற்ற பிள்ளைகளும் கைதட்டினார்கள், சமையல்காரம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

ராக்கம்மாளுக்குப் போன் போட்டால் அவள் சொல்கிறாள், "வீட்ல அவ முட்டையத் தொடவே மாட்டா சார், வாசனைக்கே ஓடிருவா. நீங்க சாப்புடுறான்னு சொன்னீங்க, பெரிய சாரு கொடுத்தா சாப்புடுறா போலன்னு நானும் இருந்துட்டேன்." ஒன்றரை வருஷம். என் பாசத்தை அந்தப் பிள்ளை தினமும் மூச்சைப் பிடித்து விழுங்கியிருக்கிறாள், நான் அதை விருப்பம் என்று எண்ணிப் பெருமைப்பட்டிருக்கிறேன். சமையலறை ஜன்னலோரம் என் பழைய ஸ்டூலில் போய் உட்கார்ந்து அழுதேன், பொய் சொல்ல மாட்டேன், வெட்கத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. அந்தத் தட்டு முட்டையை நானே சாப்பிட்டேன், தபசு காலத்தில் எடுத்த விரதம் போனது, ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

இப்போது அவளைப் பிடிக்க முடியவில்லை. குளிக்க வேண்டாம், பஸ் வேண்டாம், ஐரின் டீச்சர் பாட்டு வேண்டாம், நாலு நாளில் எழுபத்தோரு வேண்டாம் என்று ஐரின் நோட்டு சொல்கிறது. ராக்கம்மாள் வந்து, ஊமையா இருந்தவ இப்ப எஜமானி ஆயிட்டா சார் என்று குறை சொல்கிறாள், சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும். எழுபத்திரண்டாவதாக ஒரு அதிசயம் நடந்தது, தண்ணீர் முடிச்சை அமுக்கி, தண்ணீர் வந்ததும் குடித்துவிட்டு, கரண்டி வடிவ முடிச்சை அமுக்கி இன்னும் கேட்டாள். வேண்டாம் என்று சொன்னால் உலகம் கேட்கிறது என்று தெரிந்த பிறகுதான் வேண்டும் என்று கேட்க அவளுக்கு மனசு வந்திருக்கிறது, இது ஐரின் சொன்னது, உன் பேராசிரியையிடம் அவள் பெயரைச் சொல்லியே சொல்.

மாலதியின் பலகை அவளிடமே இருக்கிறது, பார்சலில் வருவது பிள்ளைகள் செய்த இரண்டாவது. அதோடு ஒரு பென் டிரைவ், நான் வகுப்புக்கு வெளியே நின்ற நாட்களின் வீடியோ, வெட்டாமல் ஒட்டாமல், பலகை சுவரில் எறியப்பட்டது முதல் முட்டை வரை. தனியாக ஒரு தாளில் நான் செய்ததை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பாஸ்கல், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்று, அதைக் கூட்டத்தில் முதலில் வாசி. அப்பா மானம் போய்விடுமே என்று மடித்து வைத்துக்கொள்ளாதே, இது என் மானம் திரும்பி வருகிற வழி. மூடுகிறோம் என்று அவர்கள் சொன்னால் சொல்லட்டும், ராக்கம்மாள் அடுத்த பலகைக்கு இப்போதே முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாள், ஜெகபர் அலி சுவிட்ச் வாங்கி வைத்துவிட்டார், "அங்க நிப்பாட்டுனாலும் இங்க நிக்காது சார்" என்கிறார். நீ தோற்கவில்லை பாப்பா, நீ பிள்ளைகளிடம் கேட்கச் சொன்னாய், நான்தான் கேட்கவிடவில்லை, கேட்டதும் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா. ஆத்தூர்க் கொள்ளு வாங்கி நானே வறுத்துத் திரித்து, நீ போன நாளிலிருந்து பார்சலுக்குப் பார்சல் கொள்ளுப்பொடி அனுப்புகிறேன், ஒவ்வொரு தடவையும் "சூப்பர்ப்பா" என்கிறாய். முட்டைக் கதையைக் கேட்ட பிறகு உன் அம்மா மெல்ல வாயைத் திறந்தாள், நீ வீடியோவில் பேசும்போது உன் பின்னால் அலமாரியில் ஏழு டப்பா மூடி திறக்காமல் வரிசையாக இருப்பதை அவள் எண்ணி வைத்திருக்கிறாள். நானும் யோசித்துப் பார்த்தேன். நீ எங்களிடம் எதற்குமே வேண்டாம் என்று சொன்னதாக எனக்கு ஒரு ஞாபகம்கூட இல்லை, எவ்வளவு நல்ல பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். பிடிக்காததை மறைத்து இடது கையைத் தூக்கவும் உனக்கு நான்தானே பழக்கினேன், அது இடது கை என்று பார்க்காமல் விட்டவனும் நான்தான். இந்தப் பார்சலில் கொள்ளுப்பொடி இல்லை, வேண்டும் என்றால் கேள்.

கொள்ளுப்பொடி இருக்க வேண்டிய இடத்தில் சின்னத் துணித் துண்டு ஒன்று இருக்கும், சிவப்பு முடிச்சு, உள்ளே புளியங்கொட்டை. ராக்கம்மாள் கட்டியது, மூன்றில் இதுதான் என்று மாலதி எடுத்துக் கொடுத்தது, உனக்குத்தான். அது பேசாது, ஆனால் வீடியோவில் எடுத்துக் காட்டினால் எனக்குப் புரியும்.

இதோடு முடிக்கிறேன். கூட்டத்தன்று எழுந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு போ, வயிற்றைக் காயப்போடாதே, அன்றைக்கு இங்கே பூசைக்கு எழுதி வைத்திருக்கிறோம், பதினான்கு பேரும் அவரவர் சாமியிடம் சொல்லி வைக்கிறார்கள். ஆரோக்கிய மாதா உன் பக்கத்திலேயே நிற்பாள், உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் அம்மாவின் முத்தமும் இதிலேயே. ஞாபகமாகப் பலகையைத் தரையில் வைத்துத்தான் காட்ட வேண்டும், உன் பேராசிரியையும் மற்றவர்களும் தரையில் உட்காரட்டும், இது தனுஷின் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நான் போன் பண்ணி, இந்த வருஷம் லீவுக்கு எப்போது வருகிறாய், கொள்ளுப்பொடி அனுப்பவா, அந்த ஊர்க் குளிரில் ஏன் தலைக்குக் குளித்தாய் என்று ஆரம்பிப்பேன், வயசான பழக்கம் ஒரே கடிதத்தில் போய்விடாது, அப்போது கூச்சப்படாமல் அந்தச் சிவப்பு முடிச்சை எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டு தாயி, இந்த முறை நான் கைதட்டுவேன்.

இப்படிக்கு,
உன் இடது கையைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா,
அ. பாஸ்கல்